ஒரு வினையெச்சத்தின் விலை

பதின்வயதுப் பிள்ளையோடு சேர்ந்து குறைந்த செலவில் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதை மின்னணுவியலின் பாற்பட்ட காரியமாகக் கருதும் வழக்கம் வேரூன்றிவிட்டது. எந்த பிராசஸர், எத்தனை ஜிபி ராம், எவ்வளவு வாட் எஸ்எம்பிஎஸ் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அணுகுமுறையே பிழை. இது முழுக்க முழுக்க இலக்கணத்தின் பாற்பட்டது. 30,000 ரூபாய்க்கு மேல் ஒரு பைசா கிடையாது என்ற உறுதியோடு சென்னை ரிச்சி தெருவுக்குள் நுழைகிற ஒரு தந்தை, 44,000 ரூபாய் பில்லோடு அண்ணா சாலைப் பக்கம் வெளியே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காரணம் விலைவாசி அல்ல, கடைக்காரர் அல்ல, 18 சதவீத ஜிஎஸ்டிகூட அல்ல. ஒரேயொரு வினையெச்சம்தான் காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு. “அப்பா, இன்னும் ரெண்டாயிரம் போட்டா…” என்ற தொடரின் கடைசிச் சொல்லே நம் ஆய்வுப்பொருள். ஏழு முறை சொல்லப்பட்டால் பதினாலாயிரம். கணக்கு அவ்வளவுதான், விளக்கம்தான் நீளம்.

முதலில் சொல்லை உடைத்துப் பார்ப்போம். நன்னூலார் வினையெச்சத்துக்குப் பன்னிரண்டு வாய்பாடுகள் சொல்கிறார். அவற்றுள் நிபந்தனையைக் குறிக்கும் ‘செயின்’ எதிர்காலத்துக்கு உரியது. இன்றைய தமிழில் அந்த வேலையைச் செய்வது ‘செய்தால்’. பேச்சில் ஈற்று லகரம் உதிர்ந்து ‘போட்டா’ என்று நிற்கிறது. பொருள் எதிர்காலம் என்றாலும் உருவம் அப்படியில்லை. ‘போடு’ என்ற பகுதியின் ஒற்று இரட்டித்திருப்பதைக் கவனியுங்கள். அது இறந்தகாலம் காட்டும் இரட்டிப்பு. பணம் இன்னும் அப்பாவின் சட்டைப்பையில் பத்திரமாக இருக்கிறது. சொல்லுக்குள் மட்டும் அது எப்போதோ செலவாகிவிட்டது. வினையின் தேர்வும் தற்செயலானதல்ல. ‘கொடுத்தா’ என்றால் பணம் கைமாறும், ‘செலவு பண்ணினா’ என்றால் கரையும். ‘போடுவது’ வேறு. முதல் போடுகிறோம், சீட்டுப் போடுகிறோம், பேங்கில் போடுகிறோம். போட்டது என்றாவது திரும்பி வரும் என்ற மயக்கம் அந்தச் சொல்லிலேயே ஊறியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது எச்சம். முற்று இல்லாமல் அந்தரத்தில் தொங்கும். “இன்னும் ரெண்டாயிரம் போட்டா… பதினாறு ஜிபி” என்பதில் பயனிலை எங்கே? பிள்ளை அதைச் சொல்வதே இல்லை. தொங்கும் தொடரை முடித்துவைக்கும் பொறுப்பு கேட்பவர் தலையில் விழுகிறது. ஜிபே-யில் நான்கு இலக்க ரகசிய எண்ணைத் தட்டுவதுதான் அந்த முற்று.

இந்த எச்சத்தை வெறும் அடம் என்று தள்ளிவிட முடியாததற்குக் காரணம், அது பெரும்பாலும் உண்மையாக இருந்து தொலைப்பதுதான். கிராபிக்ஸ் கார்டுக்குப் பட்ஜெட் இல்லை என்பதால், உள்ளேயே கிராபிக்ஸ் அடங்கிய ரைசன் 5 5600ஜி என்று முடிவாகிறது. அது படம் காட்டுவதற்கான நினைவகத்தை ராமிலிருந்தே கடன் வாங்கும். டிடிஆர்4-3200 வகை ராம் ஒற்றையாக நின்றால், காகிதக் கணக்கில், நொடிக்கு 25.6 ஜிபி தகவலைக் கடத்தும். ஒரே மாதிரி இரண்டாக நின்றால் 51.2. ஆகவே “இன்னொரு எட்டு ஜிபி போட்டா” என்று பிள்ளை சொல்வது ஆசை மட்டுமல்ல, பௌதிகமும்கூட. எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளை பக்கம். கேபினெட்டோடு இலவச இணைப்பாக வரும் மலிவான பெட்டியை நம்பி மற்ற எல்லாவற்றையும் அதில் மாட்டுவது, கல்யாணச் சமையலுக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுத்துவிட்டுத் தண்ணீருக்கு மழையை நம்புவது போல. எஸ்எஸ்டியில் மட்டும் வாதம் தளர்கிறது. சாட்டா வகை நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும், என்விஎம்இ 3,500 வரை ஓடும் என்பது மெய்தான். ஆனால் பிளஸ் ஒன் பிசிக்ஸ் நோட்ஸைத் திறக்கும்போது அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஞானதிருஷ்டி வேண்டும்.

எச்சங்களில் தலையானது மதர்போர்டைப் பற்றியது. இரண்டு ராம் ஸ்லாட் உள்ள போர்டு போதும் என்று தந்தை நினைக்கும்போது, நான்கு ஸ்லாட் போர்டுக்கான ‘போட்டா’ வருகிறது. இங்கே கேட்கப்படுவது பொருளே அல்ல, எதிர்காலம். பிற்பாடு ராம் கூட்டலாம், பிராசஸர் மாற்றலாம் என்கிறது பிள்ளை. சான்றும் கையில் இருக்கிறது: 2016-இல் வந்த ஏஎம்4 சாக்கெட்டில், பயாஸ் அப்டேட்டின் புண்ணியத்தில், ஐந்தாண்டு கழித்து வந்த பிராசஸர்களும் பல போர்டுகளில் உட்கார்ந்தன. ஆனால் 2022-இலேயே ஏஎம்5 வந்துவிட்டது. ஏஎம்4-இன் எதிர்காலம் இறந்தகாலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. எதிர்காலப் பொருளில் இறந்தகால உருவம் என்று மேலே சொன்னது இலக்கணத்துக்கு மட்டும் பொருந்துவதல்ல.

இதெல்லாம் கடைக்காரரின் வியாபாரத் தந்திரம், பிள்ளை வெறும் ஊதுகுழல் என்று ஒரு மறுப்பு எழலாம். ரிச்சி தெருக் கடைக்காரரின் மொழியைக் கவனித்தால் இது நிற்காது. அவர் முற்றில் பேசுபவர். “இது நல்லா ஓடும் சார்”, “ஸ்டாக் இல்ல சார்”, “அது மூணு வருஷம் வாரண்டி சார்” என்று எல்லாமே முடிந்த வாக்கியங்கள். முடிந்த வாக்கியத்தைச் சந்தேகிக்கத் தந்தைக்குத் தெரியும். நாற்பது வருடக் காய்கறி பேரம் அவரைத் தயார்ப்படுத்தியிருக்கிறது. முடியாத வாக்கியத்தை எப்படிச் சந்தேகிப்பது? சரி, “முடியாது” என்று ஒரே சொல்லில் மறுத்துவிடலாமே என்பது அடுத்த மறுப்பு. மறுக்கலாம். ஆனால் மறுக்கப்பட்ட எச்சம் சாவதில்லை, எழுவாயை மாற்றிக்கொள்கிறது. ராமில் தடுத்தால் எஸ்எஸ்டியில் முளைக்கும். அங்கும் தடுத்தால் “போடலைன்னா ரெண்டு வருஷத்துல மாத்தணும்ப்பா” என்று எதிர்மறையில் திரும்பி வரும். ரெடிமேட் லேப்டாப் வாங்கிவிட்டால் தொல்லை ஒழியுமே என்பாரும் உளர். ஷோரூமில் ஐ3-க்குப் பக்கத்தில் ஐ5 வைக்கப்பட்டிருக்கும் வரை அது நடக்காது. இந்த எச்சத்தைத் தமிழ்நாட்டில் முழுமையாக வென்றது, 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஒன்றே. ‘விலையில்லா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வினையெச்சத்தை அடக்கப் பெயரெச்சத்தால்தான் முடிந்திருக்கிறது. அதற்கும் ஓர் அரசாங்கம் தேவைப்பட்டது.

மிகக் கடினமான மறுப்பு வேறு: தந்தை ஏன் இதற்குப் பணிகிறார்? மாதக் கடைசியில் பால் பாக்கெட்டைக்கூட எண்ணி வாங்குபவர் இங்கே மட்டும் ஏன் இளகுகிறார்? அது அவருடைய சொந்த மொழி என்பதால். வீடு கட்டும்போது “இன்னும் ஒரு லட்சம் போட்டா மாடியில ஒரு ரூம்” என்றவர் அவர்தான். பைக் எடுக்கப் போன இடத்தில் டிஸ்க் பிரேக்குக்கும், தங்கையின் கல்யாணத்தில் ஏசி மண்டபத்துக்கும் இதே சொல்லைத் தன் அப்பாவிடம் சொல்லியிருப்பார். கேட்பது பிள்ளையின் குரலில் தன் வாக்கியத்தை. 114-ஆம் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், அங்கு வரும் ‘எச்சம்’ என்ற சொல்லுக்கு நன்மக்கள் என்றே பொருள் கொண்டார். அவர் காலத்தில் மதர்போர்டு கிடையாது. இருந்தும் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

பாகங்கள் வீடு வந்து, கூடத்தில் பெட்ஷீட் விரித்து, ஸ்குரூடிரைவர் கைக்கு வந்ததும் இலக்கணம் தலைகீழாகிறது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். இப்போது எச்சங்கள் அனைத்தும் தந்தையுடையவை. “உடைஞ்சிட்டா?” “ஷாக் அடிச்சா?” “வாரண்டி போயிட்டா?” பிராசஸரின் அடியில் முடி போன்ற 1,331 பின்கள். பிள்ளை சாக்கெட்டின் நெம்புகோலை நிமிர்த்தி, மூலையிலுள்ள தங்க முக்கோணத்தை முக்கோணத்தோடு பொருத்தி, விரலை விடுகிறது. அது தானாக இறங்கி உட்கார்கிறது, அழுத்தவே கூடாது. ராமை மட்டும் நன்றாக அழுத்த வேண்டும். அது ‘டக்’ என்று தாழிடும் சத்தத்தில் தந்தை கையிலிருந்த மொபைல் டார்ச் ஆடுகிறது. “உடையாதுப்பா” என்கிறது பிள்ளை. சுத்தமான வினைமுற்று, எதிர்மறை, படர்க்கை. ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுழல்கிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. “எல்லாம் போச்சா?” மதர்போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்கென்று தனியாக உள்ள எட்டுப் பின் பவர் ஒயரைச் செருக மறந்திருக்கிறார்கள். செருகியதும் பயாஸ் திரை வருகிறது.

இனி கேபினெட்டை மூட வேண்டியதுதான். இரட்டைப் பாதை வேகத்துக்காக, பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் ராம் நிற்கிறது. ஒன்றாவதும் மூன்றாவதும் காலி. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகளாக அவை தெளிவாகத் தெரிகின்றன. கதவுக்கு உரிய இரண்டு ஸ்குரூக்களில் பிள்ளை ஒன்றைத்தான் முடுக்குகிறது. மற்றதை மேசை இழுப்பறையில், கைக்கு எட்டும் இடமாகப் பார்த்து வைக்கிறது.