மூச்சுக்குப் பேரேடு

குறட்டை வழக்கில் உலகமே ஒருவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லலாம். அவன் பக்கத்துக்குச் சாட்சி சொல்ல அவனால்கூட முடியாது. தம்புள்ளையில் இந்த வழக்கு இன்னும் மோசம், ஏனென்றால் இங்கே இரவில் நித்திரை கொள்கிறவர்கள் குறைவு. 1999இல் திறந்த பொருளாதார மத்திய நிலையம் விடிய விடிய விழித்திருக்கிறது. நுவரெலியாவிலிருந்து கரட்டும் லீக்ஸும் வந்திறங்கும், யாழ்ப்பாண லொறி ஏற்றிக்கொண்டு புறப்படும், நாட்டாமிமார் கத்துவார்கள். அத்தனையையும் தாண்டி என் குறட்டை கேட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அங்கே ஒரு கடையில் கணக்கப்பிள்ளையாக இருக்கிற எனக்கு அது பாராட்டாகவே பட்டது. உழைக்கிறவன் குறட்டை விடுவான். கதிரையில் இருந்து உழைத்தாலும் உழைப்பு உழைப்புத்தானே.

மனுசியின் சாட்சியம் வேறு. "குறட்டை பரவாயில்லை. அது நிக்கிறதுதான் பயமாக் கிடக்கு" என்றாள். ஏறிக்கொண்டே போன குறட்டை சட்டென்று நின்றுவிடுமாம். நெஞ்சு மட்டும் எழும்பி எழும்பித் தவிக்குமாம். "இஞ்சாருங்கோ, மூச்சை விடுங்கோ" என்று அவள் விலாவில் குத்துவாளாம். நான் பெரிதாகச் செருமிவிட்டு மறுபடி தொடங்குவேனாம். காலையில் தலையிடியும் விலா நோவும் இருக்கும். இரண்டுக்கும் தலையணையைக் குற்றம் சொன்னேன். இரவில் அடிக்கடி சலம் போக எழும்பியதற்குச் சீனி வியாதிதான் காரணமென்று நானே தீர்ப்பெழுதி, தேத்தண்ணியில் சீனியை நிறுத்தினேன். உண்மையில், மூச்சு அடைபடும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாற, உடம்பில் நீர் கூடிவிட்டதென்று இதயம் ஏமாந்து, அதை வெளியேற்றச் சொல்லிச் சிறுநீரகத்துக்கு ஓமோன் அனுப்புகிறதாம். வெறும் தேத்தண்ணிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கடைசியில் என்னைக் காட்டிக்கொடுத்தது பேரேடு. பட்டப்பகலில் நான் எழுதிய வரியில் கத்தரிக்காய் 'கத்த' வரைக்கும் ஒழுங்காக வந்து, அதற்குப் பிறகு ஒரே கோடாகச் சரிந்து, தாளின் ஓரத்தில் பேனை முனையால் ஓட்டை போட்டிருந்தது. முதலாளி தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது எந்த ஊர்க் கத்தரிக்காய்?" என்று கேட்டார்.

வைத்தியர் எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் தந்தார். எப்வர்த் அளவுகோல், 1991இல் மெல்பேணில் மரே ஜோன்ஸ் என்ற வைத்தியர் ஆக்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ரீவி பார்க்கும்போது, வாகனத்தில் போகும்போது கண்ணயர எவ்வளவு வாய்ப்பு? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். கூட்டி 10ஐத் தாண்டினால் விசயம் இருக்கிறது. 'ஒருவரோடு இருந்து கதைக்கும்போது' என்ற இடத்தில் நான் சுழியம் போடக் குனிந்தேன். மனுசி பேனையை வாங்கி 3 போட்டாள்.

பிறகு கண்டியில் ஒரு தனியார் வைத்தியசாலையில் இரவுச் சோதனை. தலையில் பசை வைத்து வயர் ஒட்டினார்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டி, மூக்கில் குழாய், விரலில் சிவப்பு வெளிச்சக் கிளிப். "இனி வழமைபோல நித்திரை கொள்ளுங்க" என்று வயர் ஒட்டிய பிள்ளை கதவைச் சாத்துவதற்குள் நான் போய்விட்டேன். அதையும் எழுதிவைத்தார்கள்.

பத்து விநாடியாவது மூச்சு நின்றால், அல்லது வெகுவாகக் குறைந்தால், அது கணக்கில் ஒன்று. மணித்தியாலத்துக்கு 5க்குக் கீழே இருந்தால் சுகம். 30 என்றால் கடுமை. என்னுடையது அதன் இரண்டு மடங்கை நெருங்கியிருந்தது. நித்திரையில் தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கு பின்னுக்கு விழுந்து, பாதை மூடிப்போகும். ஒட்சிசன் இறங்க மூளை திடுக்கிட்டு எழுப்பும். எழும்பியது எனக்கே தெரியாது. நிமிடத்துக்கு ஒருதரம் அளவில் விழித்திருக்கிறேன். நாட்டாமிமாருக்கு இரவு வேலைக்குக் கூலி உண்டு. எனக்குக் கிடைத்தது பிரஷர் குளிசை.

முதல் வைத்தியம், மல்லாந்து படுக்கக்கூடாது. மனுசி என் பெனியனின் முதுகில் பை தைத்து மகனின் டெனிஸ் பந்தைப் போட்டு மூடினாள். வைத்திய உலகில் இது பழைய உபாயம்தான். எங்கள் ஊர்க் குகை விகாரையில் சுமார் 14 மீற்றர் நீளத்தில் புத்தர் வலப்பக்கம் சரிந்து சயனித்திருக்கிறார். "ஒவ்வொரு போயாவுக்கும் ஊரே போய்ப் பாக்குது, நீங்கள் மட்டும் ஒண்டும் படிக்கேல்லை" என்றாள். என் முதுகு ஒரு கிழமைக்குள் பந்தையும் பழகிக்கொண்டது.

மிச்சமிருந்தது சீபாப் இயந்திரம். இது ஒட்சிசன் தருவதில்லை. அறைக் காற்றையே அழுத்தி முகமூடி வழியாக அனுப்பித் தொண்டை மூடாமல் பிடித்துவைக்கிறது, அவ்வளவே. 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் இதை உலகுக்கு அறிவித்தார். ஆரம்பகாலப் பெட்டிகளுக்குள் ஓடியது தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டார். விலை கேட்டு முதலாளியிடம் முற்பணத்துக்குப் போனேன். கத்தரிக்காயை நினைத்தோ என்னவோ, மறுபேச்சில்லாமல் தந்தார்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுவதும் கரண்ட் போனதென்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். நாடு சிரித்தது. இரவில் கரண்டில் மூச்சு விடுகிற நான் எங்கள் கூரையைப் பார்த்தேன். தம்புள்ளையில் குரங்குக்கு என்ன பஞ்சம்? அதுவரை கல்லெறிந்து கலைத்த ஜாதியை அன்று முதல் மரியாதையோடு நடத்துகிறேன். அடுத்த நாட்களில் முறை வைத்து ஒன்றரை மணித்தியாலம் வெட்டினார்கள். மனுசி பந்துப் பெனியனைத் தோய்த்துக் கட்டில் தலைமாட்டில் வைத்தாள்.

இப்போது பகலில் எனக்கு நித்திரை வருவதில்லை. அதனால் ஊருக்குத் தொல்லை. கழுத்து 17 அங்குலத்தைத் தாண்டிய ஆண்களுக்கு நித்திரையில் மூச்சு நிற்கிற இந்த நோய் வர வாய்ப்பு அதிகம். இரவெல்லாம் ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு இது இருந்தால் எதிரே வருகிற பஸ்ஸுக்கும் ஆபத்து. ஆகவே தையல் ரேப் ஒன்று என் சேட்டுப் பைக்குள் கிடக்கிறது. போன கிழமை ஒரு நுவரெலியா லொறிச் சாரதி சீட்டில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். குறட்டை நின்றது. மணிக்கூட்டைப் பார்த்தேன், பத்து விநாடி தாண்டியது. செருமிக்கொண்டு எழும்பியவர் என் கையில் ரேப்பைக் கண்டார்.

"சட்டை தைக்கவா, மஹத்தயா?"

அளந்தேன், பதினேழரை. விளங்கப்படுத்தி, கண்டி வைத்தியரின் நம்பரை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் பவ்வியமாக வாங்கி, அதன் பின்பக்கத்தில் போஞ்சி மூட்டைக்குக் கணக்குப் போட்டு, சரிபார்க்கும்படி என்னிடமே திருப்பித் தந்தார்.