ஐம்பது மில்லிமீட்டர் சம்பந்தம்

மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு என்று விசாரிப்பது மாதிரி, லென்ஸ் வாங்கப் போனால் முதல் கேள்வி ‘எஃப் எவ்வளவு?’ 70-200 எஃப் 2.8 என்பது பெரிய இடத்துச் சம்பந்தம். விலையைக் கேட்டதும் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நமக்கு வாய்த்தது 50 மி.மீ., எஃப் 1.8. பிளாஸ்டிக் உடம்பு, கழுத்தில் கனமே தெரியாது. ஆனால் கேமராவோடு வந்த லென்ஸ் எஃப் 5.6-இல் திணறும் மண்டபத்து இருட்டில், இது ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் வாங்கும்.

குறை கல்யாணத்துக்குப் பிறகுதானே தெரியும்? என் சின்ன சென்சார் கேமராவில் அது 80 மி.மீ. மாதிரி நடந்துகொள்கிறது. மணப்பெண் தனியாக நின்றால் தேவதை. பெரியப்பா குடும்பம் 16 பேரும் மேடை ஏறினால், நான் பின்வாங்கிப் பின்வாங்கிப் பந்திக்கே போய்விடுகிறேன். தாலி கட்டும்போது எஃப் 1.8-இலேயே அழுத்தினேன்: முடிச்சுப் போடும் நாத்தனாரின் விரல் பளிச், மாப்பிள்ளை புகைமூட்டம்.

ஆல்பத்தைப் புரட்டிய பெண்ணின் அப்பா, “தம்பி, பையன் யாருன்னே தெரியலையே” என்றார்.

“அதுக்குப் பேரு பொக்கே, சார்.”

பாக்கிப் பணம் இன்னும் வரவில்லை.