உப்புமாவுக்கு ஓட்டு

கேள்வி: சாலைக் கடைத்தெருவில் வாங்கிய ரவைக்கு ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதி முடிந்துவிட்டது. மாமியார் உப்புமா கிண்டச் சொல்கிறார். கணவர் தூக்கிப் போடச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, ஆரியசாலை, திருவனந்தபுரம்

பதில்: என் ஓட்டு மாமியாருக்கே! ‘பெஸ்ட் பிஃபோர்’ ருசிக்கும் மணத்துக்கும் வைத்த கெடு. ‘எக்ஸ்பைரி’ தேதிதான் ஆபத்துக்கான எல்லை. 2020 உணவு லேபிள் விதிப்படி பாக்கெட்டில் கட்டாயம் போட வேண்டியதும் அதுதான். அது தாண்டியிருந்தால் மாமியாரே சொன்னாலும் வேண்டாம். தாண்டவில்லையா? ரவையை முறத்தில் கொட்டிப் புடையுங்கள். வண்டு, நூல் பிடித்த கட்டி, சிக்கு வாடை எதுவும் இல்லையென்றால் தாராளமாக வறுக்கலாம். உங்கள் ஊர் ஈரக்காற்றில் வண்டு தேதி பார்த்து வராது. அடுத்தமுறை வாங்கிய அன்றே வறுத்து, ஆறவைத்து, டப்பாவில் அடைத்துவிடுங்கள். தூக்கிப் போடச் சொல்பவருக்கு ஒரு கணக்கு: 2022-இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது என்கிறது ஐ.நா. அறிக்கை. கணவருக்கு இரண்டு கரண்டி கூடவே வையுங்கள்!