சிக்கனச் செம்மல்களுக்கு ஒரு பாராட்டு மடல்

பெறுநர்: கணக்குப் பிரிவு, ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகம் (ஏபிசி), சிட்னி.

பொருள்: சிற்றலை ஒலிபரப்பை மூடி 19 லட்சம் டாலர் மிச்சம் பிடித்தமைக்குத் தாமதமான பாராட்டு.

ஐயன்மீர்,

2017 ஜனவரி 31 அன்று ரேடியோ ஆஸ்திரேலியாவின் சிற்றலைக்கு மூடுவிழா நடத்தினீர்கள். நீங்கள் நாள் குறித்த அழகை முதலில் சொல்லியாக வேண்டும். தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை சூறாவளிக் காலம். அதன் நட்டநடுவில் ஒரு நாளைப் பொறுக்கி எடுக்க எந்தப் பஞ்சாங்கத்தைப் புரட்டினீர்களோ! ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் புழங்கும் இடத்தில் இந்த 19 லட்சம் உங்கள் கண்ணில் பட்டதே, அதுவும் வியப்புதான்.

சிற்றலை காலாவதியான தொழில்நுட்பம், கேட்பவர்கள் சொற்பம் என்றீர்கள். உண்மைதான், ரொம்பப் பழசு. விக்டோரியா மாநிலத்தின் ஷெப்பர்ட்டனில் 1944 முதல் இருந்த ஒலிபரப்பி, அலையை வானத்தில் மோதவிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறக்கும். வாங்குகிற இடத்தில் பேட்டரி போட்ட ஒரு ரேடியோ போதும். 2015 மார்ச்சில் பாம் சூறாவளி வனுவாட்டுவைப் புரட்டிப்போட்டபோது மின்சாரம் போனது, செல்போன் கோபுரங்கள் போயின. ஷெப்பர்ட்டன் கோபுரம் போகவில்லை. வேறொரு நாட்டில் நிற்கும் கோபுரத்தைத் தீவில் அடிக்கும் காற்று எப்படிச் சாய்க்கும்? இவ்வளவு பழைய சாமானை நீங்கள் வைத்துக்கொண்டிருந்தது தவறுதான். வனுவாட்டுப் பிரதமர் சால்வாய் மறுபரிசீலனை செய்யச் சொன்னார். அவருக்கு இணையத்தின் அருமை தெரியவில்லை போலும்.

சொந்த நாட்டு மக்களையும் நீங்கள் பாரபட்சமாக நடத்தவில்லை. வடக்குப் பிரதேசத்துச் சிற்றலையையும் அன்றே நிறுத்தினீர்கள். அங்கே லாரி ஓட்டுகிறவர்களும் மாட்டுப் பண்ணைக்காரர்களும் மீன்பிடிப் படகுக்காரர்களும் முணுமுணுத்தார்கள். செயற்கைக்கோள் வழியே கேட்டுக்கொள்ளலாம் என்று வழிகாட்டினீர்கள். ஓடுகிற லாரியில் டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதையும் ஒரு சுற்றறிக்கையில் தெரிவித்தால் நன்று.

பாராட்டு முழுவதையும் உங்களுக்கே கொடுத்துவிடுவது நியாயமில்லை. 2013 தேர்தலுக்கு முந்தைய நாள், ஏபிசிக்கு வெட்டே கிடையாது என்று தொலைக்காட்சியில் சத்தியம் செய்தவர், அந்தத் தேர்தலில் வென்று பிரதமரான டோனி அபட். அடுத்த ஆண்டே ஐந்தாண்டுகளுக்கு 25.4 கோடி டாலர் குறைந்தது. கத்தியை நீட்டியது அரசு. எங்கே வைப்பது என்பதை மட்டும் உங்களிடம் விட்டது. நீங்களும் சமயோசிதமாக, ஆஸ்திரேலியாவில் ஓட்டில்லாதவர்கள் பக்கமாகப் பார்த்து வைத்தீர்கள். செனட்டில் நிக் செனஃபன் சிற்றலையைத் திரும்பக் கொண்டுவர ஒரு மசோதா போட்டுப் பார்த்தார். அது தேறவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். நீங்கள் காலிசெய்த அலைவரிசைகள் சிலவற்றில் 2018 வாக்கில் சீன வானொலி வந்து உட்கார்ந்திருந்தது. காலாவதியான தொழில்நுட்பம் என்று பீஜிங்கில் யாருக்கும் நீங்கள் தகவல் சொல்லவில்லையா? உடனே கான்பெராவுக்குப் பசிபிக் தீவுகள்மீது பாசம் பொங்கியது. ஆஸ்திரேலியத் தனியார் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தீவுகளுக்கு அனுப்ப மூன்றாண்டுகளுக்கு 1.7 கோடி டாலர் ஒதுக்கினார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. உங்கள் ஊரில் இது எந்தத் தலைப்பில் பதிவாகும்? புயல் எச்சரிக்கை கேட்டவர்களுக்கு 'நெய்பர்ஸ்' தொடரும் 'மாஸ்டர்செஃப்' சமையல் போட்டியும் போய்ச் சேர்ந்தன. கரண்ட் இருந்தால் பார்க்கலாம்.

ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த சூறாவளிக்கு முன்பாகப் பீஜிங்குக்கு எழுதி, தங்கள் பழைய அலைவரிசையில் தினம் அரைமணி நேரம் வாடகைக்குக் கேட்டுப்பாருங்கள். வானிலை அறிக்கைக்கு மட்டும். வாடகை 19 லட்சத்துக்குள் முடிந்தால் லாபம்.

இப்படிக்கு,
தங்கள் சிக்கனத்தின் ரசிகன்,
சிற்றலை ரேடியோவை இன்னும் தூக்கிப்போடாத ஒருவன்.