புதிதாக வேலைக்குச் சேரும் சிஸ்டருக்கு

நான்கு வருடம் பி.எஸ்ஸி.யோ மூன்று வருடம் டிப்ளமோவோ படித்து முடித்து, செவிலியர் குழுமத்தில் பதிவும் செய்து, பெயருக்குப் பின்னால் ஆர்.என்.ஆர்.எம். என்று போட்டுக்கொள்ளும் உரிமை பெற்றுவிட்டீர்கள். அந்தப் பெயரை இனி வார்டில் யாரும் கூப்பிடப் போவதில்லை. நீங்கள் சிஸ்டர். ஆண் என்றால் இன்னும் விசேஷம்: பாதிப் பேர் டாக்டர் என்று நினைத்து எழுந்து நிற்பார்கள். பக்கத்தில் ஸ்டெதஸ்கோப்போடு நிற்கும் பெண் டாக்டரிடம், "சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு?" என்று கேட்பார்கள். இருவரும் திருத்த வேண்டாம். நேரம் இல்லை.

பதிவுபெற்ற செவிலியருக்கு என்னென்ன திறன்கள் வேண்டும் என்று பாடத்திட்டம் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. அதில் விட்டுப்போன சிலவற்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலில் கணக்கை மறக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற இடங்களில் ஐந்துக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். தேர்வுக்குப் படித்தீர்கள், மார்க் வந்தது, அதோடு சரி. நைட் டியூட்டியில் உங்கள் பங்கு என்ன என்று யாராவது கேட்டால் 'ஒரு வார்டு' என்று சொல்லிப் பழகுங்கள். ஒருமையில் சொன்னால் சுமை பாதியாகிவிடும்.

சம்பளக் கணக்கும் அப்படியே. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு வந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற பேச்சு. இரண்டு வருடம் சரியாக எண்ணிவிட்டு, 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் போய்ப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். எண்ணத் தெரிந்தவர்களிடம் எப்போதும் இந்தச் சிக்கல் உண்டு.

டிரிப் விஷயத்துக்கு வருவோம். 500 மில்லி, எட்டு மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்கு 21 சொட்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டை எண்ணி, சக்கரத்தை நிறுத்தி, அடுத்த கட்டிலுக்குத் திரும்பினால், "சீக்கிரம் முடிஞ்சா சீக்கிரம் வீட்டுக்குப் போலாம்ல" என்று நோயாளியின் மச்சான் சக்கரத்தை முழுதாகத் திறந்துவிட்டிருப்பார். கோபப்படக் கூடாது. ஐந்து சதவீத குளுக்கோஸ் பாட்டில் ஒன்றில் இருப்பது 25 கிராம் சர்க்கரைதான், மூன்று இட்லியில் அதைவிடத் தெம்பு அதிகம் என்றும் சொல்லிவிடாதீர்கள். அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கு அந்த மூன்று இட்லியை ஊட்டிவிட்டு, "ஒண்ணும் குடுக்கல சிஸ்டர், டிபன் மட்டும்தான்" என்று வருவார்கள்.

இன்சுலின் ஊசியில் சிவப்பு மூடி 40 யூனிட் மருந்துக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் கோடு பார்த்து ஏற்றினால் உள்ளே போவது இரண்டரை மடங்கு. ஸ்டோரில் ஒன்று தீர்ந்து இன்னொன்று வந்து இறங்கிய நாளில், கை நீட்டும் முன் இதைக் கவனித்து மாற்றி எடுப்பீர்கள். பாராட்டு வராது. துணிக்கு, ஆக்சிஜன் சிலிண்டருக்கு, உடைந்த தெர்மாமீட்டருக்கு என்று எல்லாவற்றுக்கும் வார்டில் ரிஜிஸ்டர் உண்டு. நடக்காமல் போன விபத்துக்கு மட்டும் இல்லை.

மே 12, செவிலியர் தினத்தன்று உங்களைத் தேவதை என்பார்கள். கையில் மெழுகுவர்த்தி தருவார்கள், மேடையில் விளக்கேந்திய சீமாட்டியின் படம் இருக்கும். அந்த அம்மாள் புள்ளிவிவரக்காரர் என்பதை யாரும் சொல்லமாட்டார்கள். 1858இல் லண்டன் புள்ளியியல் சங்கம் சேர்த்துக்கொண்ட முதல் பெண் அவர்தான். கிரிமியப் போரில் சிப்பாய்களைக் காயத்தைவிட நோயே அதிகம் கொன்றது என்று படம் போட்டு அரசாங்கத்திடம் காட்டியவர். நீங்கள் மெழுகு சட்டையில் சிந்தாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்தது மூச்சு. கேஸ் ஷீட்டில் மூச்சு எண்ணிக்கையை எல்லோருக்கும் 20 என்று எழுதுவது மரபு. முழு வார்டும் ஒரே தாளத்தில் மூச்சு விடுவதாக ஏடு சொல்லும். இந்த மரபை மீறாதவரை தூக்கம் கெடாது. மீறுவது சுலபம்: நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நோயாளிக்குத் தெரியாமல் நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். எண்ணினீர்கள். பதினான்காம் கட்டிலுக்கு 28. மணி இரவு இரண்டு.

இப்போதுதான் உங்கள் படிப்புக்கு உண்மையான பரீட்சை. டாக்டருக்குப் போன் செய்து "செப்சிஸ் ஆகுது டாக்டர்" என்று சொல்லிவிடாதீர்கள். நோய்க்குப் பெயர் வைப்பது உங்கள் வேலை இல்லை. "ஒரு சின்ன டவுட் டாக்டர்" என்று ஆரம்பியுங்கள். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், மூச்சு 28, பல்ஸ் 120, பி.பி. 90/60, நாலு மணி நேரத்தில் யூரின் 60 மில்லி. எண்களைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மறுமுனையில் கொட்டாவி கேட்கும். "பிளட் கல்ச்சர் பாட்டில் எடுத்து வெச்சிருக்கேன், ஒருவேளை தேவைப்பட்டா…" என்று இழுங்கள். அந்த இழுப்புக்கு நான்கு வருடப் படிப்பு போதாது, பத்து வருட சர்வீஸ் வேண்டும். "கல்ச்சர் அனுப்பிடலாம் சிஸ்டர், நான் வர்றேன்" என்பார். "சரிங்க டாக்டர், நல்லதாப் போச்சு" என்று நீங்கள் ஆச்சரியப்பட வேண்டும்.

லியோனார்ட் ஸ்டைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1967லேயே இதை ஒரு விளையாட்டு என்று எழுதிவைத்தார்: யோசனை செவிலியருடையதாக இருக்க வேண்டும், ஆனால் டாக்டருக்கே தோன்றியதுபோல இருக்க வேண்டும். நம் ஊர் ஆட்டத்தில் ஒரு கூடுதல் விதி உண்டு. வருகிற டாக்டர், ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது நரம்பு கிடைக்காமல் திணறி, உங்கள் சீனியர் சிஸ்டரிடம் ஊசி போடக் கற்றுக்கொண்டவராக இருப்பார். அதை இருவருமே நினைவில் வைத்திருக்கக் கூடாது.

ஆன்டிபயாடிக் மாறி, சலைன் ஓடி, விடியும்போது மூச்சு 22க்கு இறங்கும். 22 என்றே எழுதுங்கள். ரவுண்ட்ஸில் பதினான்காம் கட்டில்காரரின் மகன் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "சரியான நேரத்துல வந்து காப்பாத்திட்டீங்க சார்" என்று கண்கலங்குவார். பிறகு உங்கள் பக்கம் திரும்புவார்.

"சிஸ்டர், அந்த ஃபேன் ராத்திரியெல்லாம் ஓடவே இல்ல. கொஞ்சம் பாக்கக் கூடாதா?"