உஷாராக வேண்டியவர் நீங்கள்தான்

வீட்டு வைஃபைக்கும் நெட் பாங்கிங்குக்கும் பாஸ்வேர்டு வையுங்கள். எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது. பெரிய எழுத்து ஒன்று, சின்ன எழுத்து ஒன்று, எண் ஒன்று, வாயால் சொல்ல முடியாத குறி ஒன்று. அடிக்கடி மாற்றுங்கள். எங்கும் எழுதி வைக்காதீர்கள். மறந்துபோனால் கிளைக்கு வாருங்கள், ஆதார் நகலோடு, சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகு.

வங்கிகள் நமக்கு ஓதும் வேதம் இது. வேதத்தில் பிழை இல்லை. ஓதுகிறவரைத்தான் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நாட்டின் மிகப் பெரிய வங்கி ஸ்டேட் பாங்க். மிஸ்டு கால் கொடுத்தால் கணக்கு இருப்பைச் சொல்லும் சேவைக்காக மும்பையில் ஒரு சர்வர் வைத்திருந்தது. அந்த சர்வருக்குப் பாஸ்வேர்டு இல்லை என்று 2019 ஜனவரியில் டெக்கிரஞ்ச் செய்தித்தளம் எழுதியது. எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு என்று நினைத்துவிடாதீர்கள். இல்லவே இல்லை. வாடிக்கையாளரின் போன் எண், இருப்புத் தொகை, அவருக்குப் போன குறுஞ்செய்தி எல்லாம் தெருவில் கிடந்தன. யாரோ சொன்ன பிறகு பூட்டினார்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, குறி எல்லாம் நமக்குத்தான்.

2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கி, நியூயார்க் ஃபெடரல் ரிசர்வில் வைத்திருந்த கணக்கிலிருந்து 8.1 கோடி டாலரைப் பறிகொடுத்தது. ஃபயர்வால் கிடையாது, பத்து டாலர் செகண்ட் ஹேண்ட் ஸ்விட்ச்தான் இருந்தது என்று அந்நாட்டு போலீஸ் விசாரணை அதிகாரி ராய்ட்டர்ஸிடம் சொன்னார். நாம் சிரிக்க வேண்டாம். சரியாக இரண்டு வருடம் கழித்து, நம் கும்பகோணத்து சிட்டி யூனியன் வங்கியிலிருந்து, வங்கிகளுக்கு இடையிலான ஸ்விஃப்ட் வலை வழியே சுமார் 20 லட்சம் டாலரை வெளியே அனுப்பப் பார்த்தார்கள். அதே ஆண்டு, 2018 ஆகஸ்டில், புனே காஸ்மாஸ் வங்கியில் ரூ.94 கோடி போனது. இதில் எந்தப் பணம் உங்கள் வீட்டு வரவேற்பறை மோடம் வழியாகப் போனது?

வைஃபையைப் பூட்ட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தாராளமாகப் பூட்டுங்கள். 2008இல் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் பூட்டாத வைஃபை வழியே போயிருந்தது. போலீஸ் முதலில் தட்டியது அவர் வீட்டுக் கதவைத்தான். ஆனால் நம் வீட்டு ரவுட்டரை மாட்டியது யார்? இணைப்பு கொடுக்க வந்த பையன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பாஸ்வேர்டு உங்கள் மொபைல் எண். ரவுட்டருக்குள் நுழையும் பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். "அப்புறம் மாத்திக்கங்க சார்" என்றபடி ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவன்மேல் குற்றமில்லை, அன்று அவனுக்கு இன்னும் ஏழு வீடு பாக்கி. இப்படி மாற்றாமல் விட்ட சுமார் 60 பாஸ்வேர்டுகளை வைத்துக்கொண்டுதான் 2016இல் மிராய் என்ற வைரஸ் உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. பிரிட்டன் 2024 ஏப்ரலிலிருந்து எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டோடு அவற்றை விற்பதையே சட்டத்தால் தடுத்துவிட்டது. அங்கே தயாரித்தவனைக் கேட்கிறார்கள். இங்கே நம் காதில் விழுவதெல்லாம் வாங்கியவனுக்கு அறிவுரை.

அறிவுரையிலாவது ஒற்றுமை உண்டா? பொது வைஃபையில் பணப் பரிமாற்றம் செய்யாதீர்கள் என்கிறது அரசின் ஒரு கை. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ரயில் நிலையங்களில் இலவச வைஃபை கொடுத்துவிட்டோம் என்று மார்தட்டுகிறது இன்னொரு கை. டீக்கும் பணமில்லாப் பரிவர்த்தனை என்கிறது மூன்றாவது. பிளாட்பாரத்தில் நிற்கிறவன் எந்தக் கையைப் பிடிப்பது? அறிவுரை போனையும் விட்டுவைக்கவில்லை. மாமனாருக்கு நெஞ்சுவலி என்று மைத்துனரைக் கூப்பிட்டாலும், சைபர் குற்ற எச்சரிக்கை முடிந்த பிறகுதான் மணி அடித்தது கொஞ்ச காலம். நாடே திட்டித் தீர்த்த பிறகு 2025 ஜூனில் நிறுத்தினார்கள்.

இத்தனை எச்சரிக்கைக்கும் பலன்? 2024இல் மட்டும் சைபர் மோசடியில் மக்கள் இழந்தது ரூ.22,845 கோடி. நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கு.

பணம் காற்றில் கரைவதில்லை. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போகிறது. அந்தக் கணக்கும் ஏதோ ஒரு வங்கியில்தான் இருக்கிறது. மியூல் அக்கவுண்ட் என்கிறார்கள். யாரோ ஒரு ஏழையின் பெயரில், அவருடைய ஆதாரையும் பான் கார்டையும் வைத்துத் திறந்தது. உங்கள் கையெழுத்து லேசாகக் கோணினால் காசோலையைத் திருப்பி அனுப்பும் வங்கிக்கு, மாதம் எட்டாயிரம் சம்பாதிப்பவர் கணக்கில் ஒரே மத்தியானத்தில் நாற்பது லட்சம் வந்து, டீ ஆறுவதற்குள் வெளியேறினால் கண் தெரிவதில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியரிடம் மட்டும் மறுபடி மறுபடி கேஒய்சி கேட்கிறார்கள். அவர் தப்பி ஓடிவிடுவாராம்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது. தவறு வங்கி மீதும் இல்லை, உங்கள் மீதும் இல்லை, இடையில் எங்கோ ஓட்டை என்றால், மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தவருக்கு இழப்பு பூஜ்யம். வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டியது வங்கி. இது எந்தக் கிளையின் சுவரிலாவது ஒட்டியிருக்கிறதா? கவுண்டரில் கேட்கும் முதல் கேள்வியே "ஓடிபி சொன்னீங்களா?" என்பதுதான். போலீஸ் ஸ்டேஷனில்கூட முதலில் பெயர் கேட்பார்கள்.

அந்தச் சுற்றறிக்கையை நம்பியவருக்கு என்ன கிடைக்கும்? அசாமில் ஒருவர் ஆன்லைனில் வாங்கிய கோட்டைத் திருப்பி அனுப்பப் போய், 2021 அக்டோபரில் ரூ.94,204 இழந்தார். ஒரே நாளுக்குள் புகார் கொடுத்தார். வங்கி, அதே ஸ்டேட் பாங்க், கைவிரித்தது. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனும் கைவிரித்தார். கௌஹாத்தி உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி பணத்தைக் கொடு என்றார். வங்கி மேல்முறையீடு செய்தது. இரு நீதிபதி அமர்வும் கொடு என்றது. வங்கி உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஜனவரியில் அங்கும் கொடு என்றார்கள். தொண்ணூற்று நாலாயிரம் ரூபாய்க்கு உச்ச நீதிமன்ற வக்கீல் எத்தனை நிமிடம் எழுந்து நிற்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான கோடியை வாராக்கடன் என்று தள்ளிவைக்கும்போது வராத ரோஷம், ஒரு கோட்டு விஷயத்தில் வந்துவிட்டது.

உச்ச நீதிமன்றம் வரை போகத் தெம்பில்லாதவர்கள் பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பணம் போன நிமிடமே பல வங்கிகளிலிருந்து குறுஞ்செய்தி வந்துவிடும், அதில் மட்டும் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்தக் குறுஞ்செய்திக்குச் சில வங்கிகளில் காலாண்டுக் கட்டணம் தனி. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதைக் கணக்கில் மிச்சமிருப்பதிலிருந்து, ஓடிபி கேட்காமலே எடுத்துக்கொள்வார்கள்.