பூதம் இருக்கலாம், புரோக்கர் கூடாது

டிராகன் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், ஒருவரும் மறுக்க மாட்டார்கள். என்ன நிறம், எத்தனை அடி நீளம், நெருப்பைக் கக்குமா அமிலத்தைக் கக்குமா என்று ஆசையாகக் கேட்பார்கள். அதே ஆட்களிடம், "இந்தத் தெரு ஒருவழிப் பாதை" என்று சொல்லுங்கள். சண்டை தொடங்கிவிடும். கற்பனை நகரம் ஒன்றை நாலு பேரோடு உட்கார்ந்து கட்டியதில் எனக்குப் புரிந்தது இதுதான்: மந்திரத்தை நம்ப யாருக்கும் சிரமமில்லை, முனிசிபாலிட்டியைத்தான் நம்ப முடிவதில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்றொரு விளையாட்டு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974இல் வெளிவந்தது. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். கதையை நடத்துவது அவர். மழை, வில்லன், சத்திரக்காரர், சத்திரக்காரரின் மாமியார் எல்லாம் அவரே. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் கதவை உடைக்கிறேன்" என்று சொல்லி 20 முகப் பகடையை உருட்டினால், உடைந்தது கதவா தோளா என்பதை எண் சொல்லும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, வேலைவெட்டி உள்ள பெரியவர்கள் சிப்ஸ் தின்றுகொண்டே பொய் சொல்வதாகத் தோன்றும். உள்ளேயிருந்து பார்த்தாலும் அப்படித்தான். ஆனால் பொய்க்கு விதிமுறை உண்டு.

கதை நடக்கும் ஊரை வழக்கமாக டிஎம்தான் கட்டுவார். எங்கள் டிஎம் வங்கியில் வேலை பார்ப்பவர். அப்போது மார்ச் மாதம். "இந்தத் தடவை ஊரை நீங்களே கட்டுங்க, அதுதான் ஜனநாயகம்" என்றார். கணக்கு முடிக்கிற மாதத்தில் வங்கிக்காரர்கள் ஜனநாயகவாதிகளாகிவிடுவது இயல்பு. முன்னுதாரணமும் வைத்திருந்தார்: 1979இல் ராபர்ட் ஆஸ்ப்ரின் தொகுத்த 'தீவ்ஸ் வேர்ல்ட்' நூலில் பல எழுத்தாளர்கள் ஒரே நகரத்தைப் பங்குபோட்டுக்கொண்டு ஆளுக்கொரு கதை எழுதினார்கள். "எழுத்தாளர்களாலேயே முடிஞ்சிருக்கு, நம்மால முடியாதா?" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

குழுவில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். குடிநீர்ப் பொறியாளரான அக்கா. இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் வக்கீல் சார். வாடகை வீடு மாறி மாறியே சென்னையின் வரைபடத்தை மனப்பாடம் செய்துவிட்ட மென்பொருள் தம்பி. பிறகு, கல்யாண மண்டபத்துக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கும் நான்.

முதல் வேலையாக ஒரு பட்டியல். பென் ராபின்ஸ் என்பவர் 2011இல் வெளியிட்ட 'மைக்ரோஸ்கோப்' என்ற விளையாட்டிலிருந்து டிஎம் கடன் வாங்கிய முறை. தாளை இரண்டாகப் பிரித்து, இந்த உலகத்தில் என்னென்ன வேண்டும், என்னென்ன கூடாது என்று ஆளாளுக்கு எழுத வேண்டும். பறக்கும் குதிரை வேண்டும், துப்பாக்கி கூடாது என்று வரும் என்பது அவர் எதிர்பார்ப்பு.

தம்பி பேனாவைப் பிடுங்கி 'கூடாது' பக்கத்தில் முதல் வரியை எழுதினான்: புரோக்கர். வக்கீல் சார் அதற்குக் கீழே நிதானமாக எழுதினார்: வாடகைக் கட்டுப்பாடு. அக்கா 'வேண்டும்' பக்கத்தில், மழைநீர் வடிகாலும் சாக்கடையும் தனித்தனியாக என்று எழுதி, 'தனித்தனியாக' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டார். நான் 'கூடாது' பக்கத்தில், இரவு 10 மணிக்கு மேல் பாட்டு என்று எழுதினேன். டிஎம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டிராகன்... யாருக்காவது?"

"அதெல்லாம் நீங்க பாத்துக்கங்க" என்றார் அக்கா.

அடுத்தது பெயர். டிஎம் 'ஆல்தராக்ஸ்' என்றார். இருமல் மருந்து மாதிரி இருக்கிறது என்று தள்ளுபடியானது. நான் சொன்ன பெயரில் மூன்று ழகரங்கள் வந்ததால் தம்பி வாயே திறக்கவில்லை. வக்கீல் சார் தன் தாத்தா பெயரை முன்மொழிந்தார், வழிமொழிய ஆளில்லை. ராத்திரி சாப்பாட்டு நேரம் நெருங்க நெருங்க லட்சியங்கள் சுருங்கி, கடைசியில் எல்லாரும் கைதூக்கிய பெயர்: புதூர். மந்திரமும் மாயமும் நிறைந்த மாநகரம், புதூர். எந்த பஸ் போகும் என்று மட்டும்தான் தெரியாது.

பேச்சு நீண்டுகொண்டே போனதால் டிஎம் இன்னொரு விதியை இறக்கினார். ஏவரி ஆல்டர் 2013இல் வெளியிட்ட 'தி கொயட் இயர்' விளையாட்டில் ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. அதிலும் எல்லாரும் சேர்ந்து ஓர் ஊரை வரைய வேண்டும். ஆனால் யார் முறையோ அவர் வைத்ததுதான் சட்டம். மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது. கூட்டம் போடலாம்; அதில் ஆளுக்கு ஒரு வாக்கியம், அதிகம் போனால் இரண்டு. கூட்டத்தின் முடிவில் எந்த முடிவும் எடுக்கப்படாது. (இதை எழுதியவர் நம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு எப்போது வந்தார் என்று தெரியவில்லை.) அடுத்தவர் செய்தது பிடிக்கவில்லையென்றால், பேசாமல் ஒரு வில்லையை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளலாம். கடுப்பு வில்லை. எங்களிடம் வில்லை இல்லை. டிஎம்மின் அம்மா சமையலறையிலிருந்து ஒரு கிண்ணம் புளியங்கொட்டை கொடுத்தார்.

தம்பி ஆறு வரைந்தான். நீலப் பேனாவில் வளைந்து நெளிந்து, ஊரின் நடுவே, நாலு பாலத்தோடு அழகான ஆறு. அக்கா மௌனமாக ஒரு புளியங்கொட்டை எடுத்தார். அவன் ஆற்றின் மேல்பக்கம் தோல் பதனிடுபவர் தெருவையும் கீழ்ப்பக்கம் அரண்மனையையும் போட்டான். அக்கா இரண்டு கொட்டைகளைச் சேர்த்து எடுத்தார். பிறகு விதியை மீறிப் பேசிவிட்டார்.

"தம்பி, உங்க ராஜா என்னத்தக் குடிப்பார்?"

டிஎம் சமாளித்தார். உணவையும் நீரையும் சுத்தமாக்கும் மந்திரம் விதிநூலிலேயே இருக்கிறது, பூசாரிகள் போடலாம் என்றார். அக்கா புத்தகத்தை வாங்கிப் படித்தார். மந்திரம் 5 அடி ஆரத்துக்குள் இருப்பதைத்தான் சுத்தமாக்கும். "அதாவது ஒரு கிணறு. ஒரு ஊருக்கு எத்தனை பூசாரி வேணும்? ராத்திரி ஷிஃப்ட் உண்டா? நிரந்தரமா, கான்ட்ராக்டா?"

பூசாரிகளின் எண்ணிக்கைக்கும் கணக்கு இருக்கிறது என்பதுதான் இந்த உலகத்தின் விசேஷம். எஸ். ஜான் ராஸ் என்பவர் இந்த விளையாட்டுக்காரர்களுக்காகவே இடைக்கால நகரங்களின் மக்கள்தொகைக் கணக்கு ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கிறார். 150 பேருக்கு ஒரு செருப்புத் தைப்பவர், 350 பேருக்கு ஒரு நாவிதர், 650 பேருக்கு ஒரு வக்கீல், 40 பேருக்கு ஒரு சமய ஊழியர். புதூருக்கு 10,000 பேர் என்று வைத்தோம். 66 செருப்புக் கடை, 28 முடிதிருத்தகம், 15 வக்கீல், 250 பூசாரி வகையறா. புத்தகக் கடை 6,300 பேருக்கு ஒன்றாம். எங்கள் ஊருக்கு ஒன்றரை வந்தது. அந்த அரைக் கடையில் என்ன விற்பார்கள் என்று நான் கவலைப்பட்டேன். "நோட்ஸ்" என்றான் தம்பி.

என் முறை வந்தது. எல்ஃபும் குள்ளர்களும் ஐரோப்பாவிலிருந்துதான் வந்தாக வேண்டுமா என்ற எண்ணத்தில் சிலப்பதிகாரத்துக்குப் போனேன். இந்திரவிழவூரெடுத்த காதையில் இளங்கோ காட்டும் புகார் நகரத்தை அப்படியே பகடை மேஜையில் இறக்கலாம். கடலோரம் மருவூர்ப்பாக்கம், உள்ளே பட்டினப்பாக்கம், இரண்டுக்கும் நடுவே மரநிழலில் நாளங்காடி. போதாதென்று ஐந்து மன்றங்கள். ஒன்றில் மூழ்கி எழுந்தால் நோய் தீரும் பொய்கை. ஒன்றில், பொய்ச்சாட்சி சொல்பவரையும் புறங்கூறுபவரையும் பாசத்தால் கட்டி அடித்துத் தின்னும் சதுக்கப் பூதம். இன்னொன்றில், அரசன் நீதி தவறினால் வாய் பேசாமல் கண்ணீர் விட்டழும் பாவை. எந்த விதிநூலுக்கும் குறையாத சரக்கு.

மூன்றையும் புதூரில் வைத்தேன். வக்கீல் சார் கைநிறையப் புளியங்கொட்டையை அள்ளினார்.

"பொய்ச்சாட்சியைப் பூதம் தின்னுட்டா கோர்ட் எப்படி நடக்கும்? 15 வக்கீல்ல 14 பேர் பட்டினி."

"மிச்சம் ஒருத்தர்?"

"அவர் பூதத்துக்கு ஆஜராவார்."

புறங்கூறுபவர் விஷயம் இன்னும் சிக்கல். அந்த விதி அமலுக்கு வந்த அன்று சாயங்காலமே ஊரில் யாரும் மிஞ்ச மாட்டார்கள், செருப்புக் கடை கணக்கெல்லாம் திரும்பப் போட வேண்டியிருக்கும் என்று தம்பி எச்சரித்தான். கடைசியில், பூதம் செவ்வாய், வெள்ளி மட்டும் சாப்பிடும் என்று சமரசமானோம்.

பாவையை யாரும் எதிர்க்கவில்லை. அக்கா மட்டும் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அரசன் தப்பு பண்ணினா அழும். சரி. எவ்வளவு அழும்?"

"எவ்வளவுன்னா?"

"நாளைக்கு எத்தனை லிட்டர்?"

யாரும் பேசவில்லை. அக்கா பேனாவை எடுத்து, பாவை மன்றத்திலிருந்து ஊருக்குள் ஒரு குழாய் வரைந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரதானக் குழாய், கிளைக் குழாய், மேல்நிலைத் தொட்டி எல்லாம் வந்துவிட்டன. ஆறு தோல் கழிவால் நாசம். ஆகவே ஊருக்குக் குடிநீர், பாவையின் கண்ணீர். கண்ணீர் உப்பாயிற்றே என்றேன். அதற்குத்தான் அந்த 250 பேர் என்றார். மந்திரம் விஷத்தையும் நோயையும்தான் நீக்கும், உப்பை நீக்காது என்று டிஎம் புத்தகத்தைக் காட்டினார். "உப்பும் விஷம்தான். என் பிரஷர் டாக்டரைக் கேளுங்க" என்றார் வக்கீல் சார்.

அப்போதுதான் ஊரின் நிலைமை எங்களுக்கு உறைத்தது. ஆட்சி கெட்டிருக்கும்வரை புதூரில் தண்ணீர் வரும். நல்ல அரசன் வந்தால் பஞ்சம். லஞ்சம் வாங்காத அதிகாரியைக் குடங்களோடு வந்து முற்றுகையிடுவார்கள். கோடைகாலம் நெருங்கினால் மந்திரிகள் கூடி, இந்த ஆண்டு எந்த அநியாயத்தைச் செய்யலாம் என்று பொதுநலன் கருதி ஆலோசிப்பார்கள்.

டிஎம்மின் முகத்தில் மார்ச் மாதத்திலும் வெளிச்சம் வந்தது. நாங்கள் உட்கார்ந்ததிலிருந்து அவர் எதற்காகக் காத்திருந்தார் என்று எனக்கு அப்போது விளங்கியது. நாங்கள் ஆளாளுக்கு எங்களுக்குக் கிடைக்காத ஊரைக் கட்டப் பார்த்தோம்: கசியாத குழாய், தொல்லையில்லாத வாடகைதாரர், தூங்கவிடும் இரவு. எல்லாம் சரியாக இருக்கிற ஊரில் வீரனுக்கு என்ன வேலை? வாளைத் துடைத்து வைத்துவிட்டுப் பாய் விரிக்கலாம். விளையாட்டுக்கு வேண்டியது, ஒருவர் குறையைத் தீர்த்தால் இன்னொருவருக்குக் குறை வருகிற ஊர். அதைத் தனியாக உட்கார்ந்து யோசித்து எழுத ஒரு மேதை வேண்டும். சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காத நாலு பேர் போதும்.

இந்த உண்மைக்கு இறுதி முத்திரை வைத்தவர் டிஎம்மின் அம்மா. சுண்டல் கொண்டு வந்தவர் வரைபடத்தைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டா, இவ்வளவு பெரிய ஊர்ல சுடுகாடு எங்கடா?"

நாங்கள் வைக்கவே இல்லை. பிணங்களை எழுப்பிப் படை திரட்டும் மந்திரவாதி ஒருவனை டிஎம் பெரிய வில்லனாக வைத்திருந்தார். எரிப்பதா புதைப்பதா என்று அம்மா கேட்டதும் அவருக்கு வியர்த்துவிட்டது. எரித்துவிட்டால் அவன் எதை எழுப்புவான்? சாம்பலையா? ஆகவே புதூரில் அந்த மந்திரவாதி இப்போது கோட்டையில் ஒளிந்திருக்கவில்லை. நகரசபை உறுப்பினராக இருக்கிறான். விறகு விலையைக் காரணம் காட்டி, எல்லாரையும் புதைக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் தீர்மானம் கொண்டுவருகிறான். நியாயமான ஆள் என்று ஊரில் பெயர்.

அடுத்த வாரம் விளையாட்டு தொடங்கியது. எங்கள் பாத்திரங்கள் கோட்டை வாசல் வழியாகப் புதூருக்குள் நுழைந்து, தங்க இடம் தேடின. புரோக்கர் கூடாது என்று தம்பி எழுதியிருந்ததால் எந்த வீடு காலி என்று சொல்ல ஊரில் ஆளே இல்லை. தெருத்தெருவாக நடந்தோம். கிடைத்த ஒரு வீட்டுக்கு, வக்கீல் சார் வகுத்த வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ். விதிநூலில் எளிய வாழ்க்கைக்கு நாளொன்றுக்கு ஒரு பொற்காசு; அதையே வாடகையாக டிஎம் எடுத்துக்கொண்டதில் அட்வான்ஸ் மட்டும் 300. தம்பியின் பையில் இருந்தது 15. அவன் பாத்திரம் ஒரு பாணன். சத்திரத்தில் ராத்திரி பாடிச் சம்பாதிக்கலாம் என்று பார்த்தான். 10 மணிக்கு மேல் பாட்டு கூடாது என்று காவலர்கள் வந்து யாழைப் பறிமுதல் செய்தார்கள். மேஜைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தபடியே அவன் ஒரு புளியங்கொட்டையை எடுத்து வைத்தான். அந்த விதி இந்த விளையாட்டில் கிடையாது என்று டிஎம் சொல்லிப் பார்த்தார், அவன் கேட்கவில்லை.

ஆக, மற்ற ஊர்களில் வீரர்கள் புகழுக்காகவோ இளவரசிக்காகவோ டிராகனைத் தேடிப் போகிறார்கள். நாங்கள் அட்வான்ஸுக்காகப் போகிறோம். அது எந்த மலையில் இருக்கிறது என்று டிஎம் இன்னும் சொல்லவில்லை. எங்கே இருந்தாலும் அது சொந்தக் குகையில்தான் இருக்கும் என்கிறான் தம்பி. வாடகைக்கு இருந்துகொண்டு அவ்வளவு தங்கம் யாராலும் சேர்க்க முடியாதாம்.